தேங்காயை விடாத பெருச்சாளி

அந்தக் காலத்தில், பாம்பும் பெருச்சாளியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பாதாளத்தைப் போல ஒரு நல்ல ஊர் பூமிக்கு மேலே இல்லவே இல்லை. கதவு கிடையாது, பூட்டு கிடையாது. வெயில் எட்டாத அந்த ஊருக்கு ஒரே விளக்கு, பொன்னாச்சி என்ற நாகத்தின் மாணிக்கம்தான். அவள் அதைக் கக்கிப் பாறைமேல் வைத்தால் போதும், ஊரே ஜொலிக்கும்!

பூமியில் கொண்டையன் என்று ஒரு திருடன். சேவகர்கள் துரத்த, மூச்சிரைக்க ஓடி வந்தான். பாதாளத்தில் குட்டிகளோடு குடியிருந்த பெருச்சாளி ஒன்று அப்போது மேலே மேய வந்திருந்தது.

"அண்ணே, கீழே ஒளிய ஒரு வழி தோண்டிக் குடுண்ணே!"

"எனக்கு என்ன தருவே?"

"முழுத் தேங்காய்!"

அவ்வளவுதான், மண் பறந்தது.

பாதாளத்தார் அவனை விருந்தாளியாக உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். "பயப்படாம சாப்பிடுப்பா" என்றாள் பொன்னாச்சி. அவன் கண்ணெல்லாம் மாணிக்கத்தின் மேல். கையைக்கூடக் கழுவவில்லை பாவி, தொழுவத்துச் சாணியை அள்ளி மாணிக்கத்தின்மேல் அப்பினான். ஊர் இருண்டது! குழந்தைகள் அலறின. அவனோ சாணி உருண்டையோடு வளைக்குள் பாய்ந்தான்.

வளையின் மேல்வாயில் உட்கார்ந்து பெருச்சாளி தேங்காயைக் கடித்துக்கொண்டிருந்தது.

"டேய், மண்ணைத் தள்ளு! வளையை மூடு! நம்ம விளக்கு போகுதுடா!" கீழிருந்து பொன்னாச்சி கத்தினாள்.

மண்ணைத் தள்ள இரண்டு கையும் வேண்டும். தேங்காயை விட்டால் உருண்டு போய்விடுமே!

"இதோ, இந்த ஒரு கடி" என்றது பெருச்சாளி.

அந்த ஒரு கடிக்குள் கொண்டையன் அதன் தலையை மிதித்து ஏறி, ஓடியே போய்விட்டான்.

பொன்னாச்சி தட்டுத்தடுமாறி மேலே வந்தாள். "வழி செஞ்சதும் நீ, மூடாம விட்டதும் நீ. என் மணி கிடைக்கிற வரைக்கும் நீ தோண்டுற ஒவ்வொரு வளையிலும் தேடி வருவேன்டா!"

கீழே இருட்டில் தன் குட்டிகள் கதறுவது அப்போதுதான் பெருச்சாளியின் காதில் விழுந்தது. தேங்காய் தானாகக் கையைவிட்டு உருண்டது.

இருண்ட ஊரில் நல்லவர்கள் தங்கவில்லை. ஒளிய இடம் தேடிய திருடர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறினார்கள். திருட்டுக் கும்பலுக்குப் பாதாள உலகம் என்றும், கூட இருந்தே ஊரைத் தின்கிறவனுக்குப் பெருச்சாளி என்றும் பெயர் வந்தது அதனால்தான்.

அன்று முதல்தான் பெருச்சாளி வளை எங்கே இருந்தாலும் பாம்பு மணி தேடி உள்ளே நுழைகிறது. பெருச்சாளியும் குட்டியைக் கவ்விக்கொண்டு அடுத்த வளைக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.