மூன்று வெட்டும் ஒரு முகபடாமும்

கேளுங்கள் பெரியோர்களே, கிட்ட வாருங்கள் பிள்ளைகளே! குன்றுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு தேர், தேருக்கு முன்னால் ஒரு ராஜா என்று இருந்த காலம் அது. மாங்குன்றம் என்றொரு நாடு. அந்த நாட்டில் வீரணன் என்றொரு யானைப்பாகன். அவன் மனைவி அரியநாச்சி. அவர்கள் வளர்த்த யானையின் பெயர் சாமந்தி.

சாமந்தி பெண்யானை. தந்தமும் கிடையாது, தடபுடலும் கிடையாது. விடிந்ததும் ஆற்றிலிருந்து முருகன் அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமப்பாள். பகலில் மரம் இழுப்பாள். சாயங்காலம் அரியநாச்சியின் வாசலில் நின்று சோற்று உருண்டைக்குத் துதிக்கை நீட்டுவாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவள்தான் பிள்ளை.

ஒரு வருஷம் பங்குனித் திருவிழாவில், முந்தின நாள் பெய்த மழையில் தேர் சேற்றில் புதைந்துவிட்டது. நூறு பேர் வடம் பிடித்தார்கள், தேர் அசையவில்லை. ராஜாவின் பட்டத்து யானை இழுத்துப் பார்த்தது, தேர் அசையவில்லை. சாமந்தி பின்னால் போனாள். நெற்றியை வைத்து ஒரே முட்டு. தேர் குலுங்கிக் கிளம்பியது பாருங்கள், கூட்டம் போட்ட சத்தத்தில் குன்றின் குரங்கெல்லாம் மரத்தை விட்டு ஓடின!

“தேரைத் தள்ளிய நெற்றி வெறும் நெற்றியாக இருக்கலாமா?” என்றார் ராஜா. “அடுத்த திருவிழாவுக்கு இவள் முகபடாம் கட்டி வரவேண்டும்.”

முகபடாம் என்றால் யானையின் நெற்றியில் கட்டும் பட்டு. அதற்காகக் கடல் தாண்டி ஒரு சிவப்புப் பட்டு வந்து சேர்ந்தது. தீயைத் தறியில் நெய்தாற்போல் இருந்தது. ஒரே ஒரு துண்டுதான். அடுத்த கப்பல் வர ஆறு மாதம் ஆகும். திருவிழாவுக்கோ பதினைந்தே நாள்.

அரண்மனைத் தையற்காரர் சொக்கப்பர் பட்டை வாங்கக் கையை நீட்டினார். அரியநாச்சி முந்திக்கொண்டாள்.

“மகாராசா, எங்க வீட்டுப் பிள்ளைக்கு நாங்களே தைச்சுக்கிறோம்.”

“பட்டு வெட்டிப் பழக்கம் உண்டா அம்மா?” என்று கேட்டார் சொக்கப்பர்.

“சாமந்தி முதுகு மெத்தைய வருசா வருசம் நான்தானே தைக்கிறேன். சாக்குல போற ஊசி பட்டுல போகாதாக்கும்?”

ஊசி போகும். கத்தரி போகுமா என்று அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை நூலில் முடிச்சுப் போட்டு அளந்தாள். கழுத்துக் கயிற்றிலிருந்து கண்வரை ஒரு முடிச்சு. கண்ணுக்குக் கண் ஒரு முடிச்சு. அந்த நேரம் சாமந்தி தலையைக் குனிந்து கரும்பு தின்றுகொண்டிருந்தாள். அரியநாச்சி உள்ளே போய்ப் பட்டை விரித்து, கண் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வளைவாக வெட்டினாள். கொண்டுவந்து போர்த்தினாள். சாமந்தி நிமிர்ந்தாள். இரண்டு கண்ணும் பட்டுக்குள் போய்விட்டன! குனிந்த கழுத்து நீளும், நிமிர்ந்த கழுத்து சுருங்கும். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண் தெரியாத சாமந்தி மிரண்டு பின்னால் நகர்ந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்தாள். இது முதல் வெட்டு.

வளைவை மேலே ஏற்றினால் போச்சு என்று பட்டை இரண்டாக மடித்துக் கத்தரியை வைத்தாள். உள்ளே ஒரு மடிப்பு சுருண்டு கிடந்ததை அவசரத்தில் பார்க்கவில்லை. விரித்துப் பார்த்தால் வளைவு ஏறவில்லை. நெற்றியின் நட்டநடுவில் ஒரு முழத்துக்கு வாய் பிளந்து கிடந்தது பட்டு. இது இரண்டாம் வெட்டு.

புருஷன் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். பிளவை மூடித் தைத்தாள். துணி ஒரு பக்கம் இழுத்தது. இழுத்த பக்கத்து ஓரத்தை நறுக்கினாள்; மறுபக்கம் நீண்டது. மறுபக்கத்தை நறுக்கினாள், இந்தப் பக்கம் நீண்டது. இடது, வலது, இடது என்று நறுக்கி நறுக்கி, கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது யானைக்கு வந்த பட்டு கன்றுக்குட்டிக்குக்கூடக் காணாது. சுற்றிலும் சிவப்பு நாடாக்களாகக் கிடந்தன துண்டுகள். இது மூன்றாம் வெட்டு.

நான்காவதாக வெட்டக் கத்தரியைத் தூக்கினாள். தூக்கியவள் வெட்டவில்லை. கத்தரியைக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு வந்து, பட்டின் நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

வீரணன் வந்தான். பட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். நல்ல மனிதன், பயந்த மனிதன்.

“அழுவாத நாச்சி. சாமந்தி மிதிச்சுக் கிழிச்சுப்புடுச்சுன்னு சொல்லிருவோம். யானைய யாரு தண்டிக்கப் போறாங்க?”

அரியநாச்சியின் அழுகை நின்றுவிட்டது.

“என்ன பேச்சு பேசுறீங்க? தேரைத் தள்ளின பிள்ள மேல, அதுக்கு வாயில்லைங்கிற தைரியத்துல பழி போடுறதா? வெட்டினது என் கை.”

“ராசா வீட்டுப் பட்டுடி!”

“அதுக்குன்னு? கேட்டா நான்தான்னு சொல்லுவேன்.”

மறுநாள் துண்டுகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு சொக்கப்பரிடம் போனாள். வெட்கம் காலைப் பின்னுக்கு இழுத்தது, ஆனாலும் போனாள். சொக்கப்பர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். அவர் பக்கத்தில், பட்டத்து யானைக்காகத் தைத்த முகபடாம் ஒரு சுருக்கம் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

“வெட்டினதை ஒட்டவைக்கப் பிரம்மனாலும் ஆகாது அம்மா. குன்றில் இருக்கும் குரங்குகளுக்குக் குல்லா தைக்கலாம். பத்து வரும்.”

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அரியநாச்சி மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்தவள் எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பினாள். கத்தரியைத் தொடவில்லை. ஒரு நாள் பார்த்தாள். போனதுதான் கண்ணில் பட்டது. இரண்டாம் நாள் பார்த்தாள். அப்போதும் போனதுதான் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் காலையில்தான், போனது போக இருப்பது என்ன என்று பார்க்கத் தோன்றியது அவளுக்கு.

பட்டு தைக்க அவளுக்குத் தெரியாது. மெத்தை தைக்கத் தெரியும். மெத்தையில் ஒரு துண்டு போதாவிட்டால் அடியில் முரட்டுத் துணியைக் கொடுத்து, மேலே துண்டுகளை வைத்து இறுக்கித் தைப்பாள். சரி, முரட்டுத் துணி எங்கே? கொடியில் தொங்கியது வீரணனின் கறுப்புக் கம்பளி.

“அடியே, குளிருக்கு நான் எதைப் போத்திக்கிறது?”

“உங்க யானையப் போத்திக்கோங்க!”

இந்த முறை மூன்று தடவை அளந்தாள். சாமந்தி தின்னும்போது ஒரு தடவை, நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தடவை, நடக்கவிட்டுக் கூடவே ஓடிக்கொண்டு ஒரு தடவை. அதற்குப் பிறகுதான் பானையிலிருந்து கத்தரி வெளியே வந்தது. கம்பளியில் கண்களுக்கு இடம் விட்டு வெட்டினாள். போர்த்திப் பார்த்தாள். கரிய யானையின் முகத்தில் கரிய கம்பளி. சாமந்தியின் சின்னக் கண்கள் இரண்டும் பளிச்சென்று வெளியே தெரிந்தன.

அதன்மேல் பட்டை ஒரு சாண் மேலே ஏற்றி வைத்தாள். கண்ணை மறைத்த வளைவுகள் கண்ணுக்கு மேலே புருவங்களாய் நின்றன. நடுப் பிளவை மூடித் தைத்திருந்த நூலைப் பிரித்தாள். பிளவின் இரண்டு ஓரங்களையும் உள்ளே மடித்து, மேலே அகலமாகவும் கீழே காம்பு போலவும் தைத்தாள். சிவப்புக்கு நடுவில் கறுப்பாய் ஒரு வேல் எழுந்து நின்றது. முருகனின் வேல்! அவள் கை தானாகக் கும்பிட்டது. பட்டு மேலே ஏறியதால் கீழே வெறும் கம்பளி கிடந்தது. நறுக்கிய நாடாக்களையெல்லாம் முறுக்கி, அங்கே வரிசையாகக் குஞ்சம் கட்டினாள். ஒரு துண்டு வீணாகவில்லை.

பிள்ளைகளே, அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கம்பளியில் ஊசி மூன்று தடவை ஒடிந்தது. விரல் எத்தனை தடவை குத்துப்பட்டது என்று அவளுக்கே தெரியாது. திருவிழா விடிந்த காலையில்தான் கடைசி முடிச்சு விழுந்தது.

தேர் கிளம்பியது. முன்னால் பட்டத்து யானை, சொக்கப்பரின் முகபடாத்தோடு அழகாக வந்தது. ஊரார் “அழகு” என்றார்கள். அதன் பின்னால் சாமந்தி வந்தாள். நடைக்கு நடை குஞ்சங்கள் குதித்தன. நெற்றியில் கறுப்பு வேல் நின்றது. ஊரார் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ராஜா ஊர்வலத்தை நிறுத்தினார்.

“எந்த நாட்டு வேலைப்பாடு இது? பட்டைப் பிளந்து வேல் காட்டும் யோசனை யாருக்கு வந்தது?”

வாயை மூடிக்கொண்டு புகழை வாங்கிக்கொள்ள வேண்டிய நேரம். வீரணன்கூடப் பேசாதே என்று கண்ணைக் காட்டினான். அரியநாச்சி முன்னால் வந்தாள்.

“யோசனையா வந்ததில்லை மகாராசா, தப்பா வந்தது. குனிஞ்ச யானைய அளந்து வெட்டினேன், அது இந்தப் புருவம். அவசரத்துல மடிப்புப் பாக்காம வெட்டினேன், அது இந்த வேலு. அதை மறைக்க ஓரத்தையெல்லாம் நறுக்கினேன், அது இந்தக் குஞ்சம். நீங்க குடுத்த பட்டை மூணு தடவை கெடுத்தேன்.”

ராஜா கேட்டார்:

“நீ சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காதே. ஏன் சொன்னாய்?”

“தையலும் நான் போட்டது, வெட்டும் நான் போட்டது மகாராசா. ஒண்ணுக்கு மட்டும் எப்படிப் பேர் வாங்கிக்கிறது?”

அப்போது சொக்கப்பர் மெல்லச் சாமந்தியின் அருகே வந்தார். குஞ்சத்தைப் புரட்டிப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார், வேலின் ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு பட்டத்து யானையிடம் போய்த் தான் தைத்த முகபடாத்தின் ஓரத்தை உயர்த்திக் காட்டினார். உள்பக்கத்தில் கை அகலத்துக்கு ஓர் ஒட்டு.

“அரசே, நானும் தவறாக வெட்டினேன். உள்ளே வைத்து மறைத்துவிட்டேன். நாற்பது வருஷமாக மறைத்துத்தான் வருகிறேன்.” அரியநாச்சியைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். “குரங்குக் குல்லா என்று சொன்ன வாய் இது. மன்னித்துக்கொள் அம்மா.”

ராஜா சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை அசைத்தார். பட்டத்து யானை ஒதுங்கி வழிவிட்டது.

“சாமந்தி முன்னால் போகட்டும். தைத்தவளும் அவள் கூடப் போகட்டும்.”

அரியநாச்சி சாமந்தியின் காதோரம் கை வைத்து நடந்தாள். குத்துப்பட்ட விரல்களை முந்தானையில் மறைத்துக்கொள்ளவில்லை. தலையைக் குனியவுமில்லை. பார்ப்பவர்களுக்கெல்லாம் அவளே கை நீட்டிக் காட்டினாள்: “இந்தா பாருங்க, இதுதான் நான் தப்பா வெட்டின இடம்!” கொம்பும் முரசும் முழங்க, தேர் அவர்கள் பின்னால் குன்றை வலம் வந்தது.

ஆகவே மக்களே, ஒரு தவறை மறைக்கப் போனால் அது அடுத்த தவறில் கொண்டுபோய் விடும். ‘என் தவறு’ என்று ஒப்புக்கொண்டு மிச்சத்தை எடுத்துத் தைப்பவரே தலைநிமிர்ந்து நடப்பார்.