பளபளத்த வலது காது

“அரண்மனைக்கு எதுக்குடி போற? சிலைகிட்டச் சொல்லு. அதுவாவது தூங்காமக் கேக்கும்.”

மாமனார் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு கூண்டு வண்டியில் திரும்பிய திருமேனி ராஜாவின் காதில் இந்தப் பேச்சு விழுந்தது. திரையை விலக்கிப் பார்த்தார். சந்தைப் பூவரச மரத்தடியில், மோர் விற்கிற குஞ்சம்மாள் இன்னொருத்திக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கை காட்டிய இடத்தில் ராஜாவின் வெண்கலச் சிலை இருந்தது.

சம்மணமிட்டு உட்கார்ந்த சிலை. போன வருஷம்தான் வார்த்து வைத்தார்கள். ஊர்க்காரர்களோ கோயில் நந்தியின் காதில் குறை சொல்லிப் பழகியவர்கள். எட்டுகிற உயரத்தில் இன்னொரு காது கிடைத்ததும் அதையும் விடவில்லை. சிலை முழுக்கக் கறுத்துப்போயிருக்க, வலது காது மட்டும் பளபளவென்று மின்னியது. ஜனங்கள் ஆசையாகத் தடவிப் பார்க்கிறார்கள் என்றுதான் ராஜா இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

மறுநாள் சபையில் விஷயம் வெடித்தது.

“அவளை ஊரைவிட்டே விரட்ட வேண்டும்” என்றார் பிரதானி வீரபாகு. “மன்னரைப் போலக் குறை கேட்பவர் யார்? ஒரு சொல் தவற விடுவாரா?”

ராஜா கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

“விரட்டுவதற்கு முன் ஒன்று பார்க்கலாமே” என்றார் விகடர் சொக்கப்பர். “அவள் சொன்னது பொய்தானா என்று.”

“வெண்கலம் என்னைவிட நன்றாகக் கேட்கும் என்கிறீரா?”

“நான் சொல்லவில்லை அரசே. மோர்க்காரி சொன்னாள்.”

“சரி, நிரூபியும். முடியாவிட்டால் அவளோடு நீரும் மூட்டை கட்டும்.”

“ஆகட்டும். ஒரே ஒரு நாள் நீங்களும் சிலையும் இடம் மாறி உட்காருங்கள். பிரதானிக்கு மட்டும் தெரிய வேண்டாம்” என்று ராஜாவின் காதருகே மெதுவாகச் சொன்னார் சொக்கப்பர்.

ராஜாவுக்கு வேடிக்கையில் ஆசை அதிகம். ஒப்புக்கொண்டார்.

அது கோடைக்காலம். கோடையில் சிம்மாசனத்துக்கு முன்னால் நனைத்த வெட்டிவேர்த் தட்டி தொங்கும். சபைக்கு ராஜா நிழலாகத்தான் தெரிவார். சிலை உள்ளே கூடாக வார்த்தது. ஆட்கள் அலுங்காமல் தூக்கிவந்து, சால்வை போர்த்தி, தட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கரியும் மஞ்சளும் நல்லெண்ணெயில் குழைத்து ராஜாவுக்குப் பூசினார்கள். பொழுது விடியும்போது திருமேனி ராஜா பூவரச மரத்தடியில் வெண்கலமாகச் சம்மணமிட்டிருந்தார்.

முதலில் வந்தவள் குஞ்சம்மாள்தான். பானையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு புளி உருண்டையை எடுத்தாள். ராஜாவின் வலது காதைப் பிடித்து வறட் வறட்டென்று தேய்த்தாள்.

“காது சுத்தமா இருந்தாத்தானே சாமி கேக்கும்.”

ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பூசிய சாயம் புளியோடு கொஞ்சம் வந்தது. களிம்பு என்று நினைத்தாள். காது அவள் கையில் சுட்டது. நேற்றைய வெயில் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தாள்.

பிறகு குறையைச் சொல்லத் தொடங்கினாள். அவள் எருமையை வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தாள். எருமை யாருடையது, அதன் தாய் எப்படிப்பட்டது, முதல் ஈற்றில் எவ்வளவு கறந்தது, மைத்துனன் அதைப் பார்த்து வயிறெரிந்தது. நிழலோ குளுகுளுவென்றிருந்தது. மாமனார் வீட்டு விருந்து இன்னும் வயிற்றில் பாதி இருந்தது.

“அப்புறம் பாரு சாமி, அரண்மனை யானை இருக்கே, அது முதுகு சொறிய என் கேணிச் சுவருதான் கிடைச்சுதாம். உரசி உரசிச் சுவரு விழுந்து, கேணியே தூந்துபோச்சு. இனி எருமைக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?”

பதிலுக்குச் சிலையிடமிருந்து ஒரு குறட்டை வந்தது.

குஞ்சம்மாள் பேச்சை நிறுத்தினாள். சிலையின் தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. அவள் பயப்படவில்லை. ஓரமாகத் தள்ளி நிமிர்த்தி வைத்தாள்.

“ஐயோ பாவம். நல்லா இருந்த சிலை. உருவம்தான் ராஜா மாதிரின்னு பாத்தா, குணமும் வந்துருச்சே” என்று சொல்லிவிட்டு மோர் விற்கப் போனாள்.

சாயங்காலம் ராஜா குளித்து, சால்வை போர்த்தி, உள்முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“மோர்க்காரிக்கு என்ன குறை அரசே?” என்றார் சொக்கப்பர்.

“எருமை.”

“எருமைக்கு என்ன?”

ராஜா யோசித்தார். “நல்ல எருமை” என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, “அது கிடக்கட்டும். அந்தச் சிலை மட்டும் சபையில் என்ன கேட்டுக் கிழித்தது? அதற்கு என்ன சாட்சி?” என்றார்.

அந்த நேரம் பிரதானி வீரபாகு உள்ளே வந்தார். தரையைத் தொட்டு வணங்கினார்.

“அரசே, இத்தனை வருஷமாக இந்தச் சபையில் இருக்கிறேன். இன்று தாங்கள் குறை கேட்டதுபோல் ஒரு நாளும் கண்டதில்லை. கண்ணயரவில்லை, கொட்டாவி விடவில்லை, நடுவில் வெற்றிலை கேட்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.”

சொக்கப்பர் கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சால்வை நழுவி விழுந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. பிரதானியும் எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலை சிலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் ராஜாவும் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“குஞ்சம்மா, இங்கே வா. எருமையிலிருந்து சொல்லு” என்று வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

குஞ்சம்மாள் சிலையைப் பார்த்தாள். ராஜாவைப் பார்த்தாள். அந்தச் சிவந்த காதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து, புளி உருண்டையை எடுத்து, ராஜாவின் காதை நன்றாக ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.