வாங்கக்கா, என்ன பார்க்குறீங்க?

சுற்றி வளைக்காமல் சொன்னால், பேச்சியம்மாள் அன்று வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பொய் சொல்லத்தான் வந்திருந்தாள். கீழே அந்த அலுவலகம், மாடியில் தொழிலாளர் அலுவலகம். வேலையில் இருந்துகொண்டே சிலர் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குகிறார்கள் என்று புகார். அதனால் புதுக் கெடுபிடி: ஒவ்வொருவரும் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். அந்தத் தொகை நின்றால் பேச்சிக்கு பஸ்ஸுக்கே காசில்லை.

அதிகாரி சுலோச்சனா நாற்காலியைக் காட்டினார். பேச்சி உட்காரவில்லை.

"எங்கேயாவது வேலை பார்க்குறியாம்மா?"

"இல்ல மேடம்."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். பேச்சியின் வாய் சும்மா இருக்கவில்லை.

"வாங்கக்கா, என்ன பார்க்குறீங்க? பட்டா, காட்டனா?"

உதவியாளர் கபிரியேலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சுலோச்சனா சிரிக்கவில்லை. "எந்தக் கடை?"

பேச்சி கடைப்பெயரைச் சொல்லிவிட்டாள். "ஆனா சம்பளம் கிடையாது மேடம். பழகுற வரைக்கும் சும்மா நிக்கணும்னாங்க. தீபாவளி போச்சு, பொங்கலும் போச்சு, இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்."

சுலோச்சனா கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேனேஜர் யோசிக்கவே இல்லை. "பேச்சியம்மாளா? அப்படி யாரும் எங்ககிட்ட இல்லையே."

கபிரியேல் குனிந்து கிசுகிசுத்தார். "தப்பிச்சேம்மா! கடைக்காரனே இல்லைன்னுட்டான். ஆமான்னு சொல்லிட்டுப் போ, காசு வரும்."

உண்மைதான். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். ஆனால் மாதக்கணக்கில் அந்தக் கடையில் நின்று நின்று வீங்கிய கால் அவளுடையது. அந்தக் காலையே ஒருத்தன் இல்லை என்கிறான்.

"பொய் மேடம். பட்டு செக்ஷன்ல நான்தான் நிக்கிறேன். வந்து பாருங்க."

சுலோச்சனா, 'இன்ன கடையில் வேலையில் இருக்கிறார்' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து உதவித்தொகையை நிறுத்தினார். நகலைப் பேச்சியிடம் நீட்டினார்.

கபிரியேல் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் புள்ள வயித்துல அடிச்சாச்சு, போங்க!"

காசைக் காப்பாற்றப் பார்த்த கபிரியேல், காசை விட்டுக்கொடுத்த பேச்சி, காசை நிறுத்திய சுலோச்சனா. இதில் யார் செய்தது சரி?

விடை: கபிரியேலுக்கு நல்ல மனசு. ஆனால் அவர் சொன்னபடி நடந்திருந்தால் லாபம் கடைக்குத்தான். அரசாங்கம் பஸ் காசு கொடுத்து ஆள் அனுப்ப, அவர்கள் ஓசியில் வேலை வாங்கியிருப்பார்கள். உதவித்தொகையை ஏமாற்றித் தின்றது பேச்சி இல்லை, அந்தக் கடை. பேச்சி முதலில் சொன்னது பொய், அதை மழுப்ப வேண்டாம். இரண்டாவது சொன்னதுதான் சரி. சுலோச்சனா செய்ததும் சரி, அந்த நகலைக் கொடுத்ததால் மட்டும். அவள் வேலை பார்த்தாள் என்பதற்கு அரசாங்கக் கையெழுத்து இப்போது அவள் கையில். சம்பளம் கேட்க மாடியேறினால் போதும். அதற்கு பஸ் காசு வேண்டாம்.