தனி வரி கேட்ட பூச்சியம்

பூச்சியத்துக்கு முதல் துரோகம் செய்தது பேனாதான். மூன்று என்ற எண் செய்தது அதற்குப் பிறகு.

ஒரு பரீட்சைத் தாளில் ஒரு கணக்கு இருந்தது. எக்ஸின் வர்க்கம் மூன்று எக்ஸுக்குச் சமம். எக்ஸ் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த எக்ஸுக்குள் மூன்றும் பூச்சியமும் குடியிருந்தன. விடையில் தன் பெயர் வர வேண்டும் என்று இரண்டுமே காத்திருந்தன.

பேனா அவசரக்காரர். "இந்தப் பக்கம் ஒரு எக்ஸ், அந்தப் பக்கம் ஒரு எக்ஸ். ரெண்டும் போகட்டும்" என்று அடித்தார். எக்ஸ் = 3 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். மூன்று, தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டின் மேல் உட்கார்ந்தது.

"அண்ணே, நான் உள்ளே இருக்கும்போதே அடிச்சிட்டீங்க" என்றது பூச்சியம்.

"நீ யாரு?"

"எக்ஸில் குடியிருந்தவன். வேணும்னா மூன்றைக் கேளுங்க."

மூன்று எங்கோ பார்த்தது. "நான் இந்த ஆளைப் பார்த்ததே இல்லை" என்றது.

தாளின் ஓரத்தில் பென்சில் இதே கணக்கைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தார். வர்க்கத்துக்கு ஒரு வளைகோடு, மூன்று எக்ஸுக்கு ஒரு நேர்கோடு.

"கோடு ரெண்டும் ரெண்டு இடத்தில் வெட்டுது" என்றார் பென்சில். "ஒண்ணு மூன்றில். இன்னொண்ணு பூச்சியத்தில். என் கண்ணால் பார்த்தேன்."

பேனா சிரித்தார். "உன் கண்ணா? போன கணக்கில் விடை இரண்டின் வர்க்கமூலம். நீ என்ன சொன்னே?"

"ஒன்று புள்ளி நாலு."

"சரியா?"

"சுமாரா."

"சுமாராப் பார்க்கிறவன் சாட்சி சொல்ல வந்துட்டான்!"

பென்சில் தன் படத்துக்கே திரும்பிப் போனார்.

"சாட்சியே வேண்டாம்" என்றது பூச்சியம். "எக்ஸ் இருக்கிற இடத்தில் என்னை வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார்கள். இடது பக்கம் பூச்சியம் வந்தது. வலது பக்கமும் பூச்சியம் வந்தது. நடுவில் நின்ற சமக்குறி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இவன் சொல்றது சரிதான்" என்றது.

பேனாவுக்கு வேறு வழியில்லை. "சரி, எழுதித் தொலைக்கிறேன்."

"மூன்றுக்குக் கொடுத்த மாதிரி எனக்கும் தனி வரி வேணும்."

"உனக்கெல்லாம் ஒரு வரியா? இருக்கிற இடத்தில் ஒட்டிக்கோ" என்று மூன்றுக்கு வலது பக்கம் பூச்சியத்தைப் போட்டார். மணி அடித்தது. பேனா மூடியைப் போட்டுக்கொண்டார்.

தாளைத் திருத்தியவர் கோமதிநாயகம் சார். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார்.

"இங்கே பாருங்க டீச்சர். எக்ஸ் முப்பதாம்."

"முப்பதா! அது எங்கேருந்து சார் வந்துச்சு?"

"எழுதினவங்களைத்தான் கேட்கணும்" என்று சிவப்பு மையில் குறுக்கே அடித்தார்.

"சரியா இருந்த என்னையும் கெடுத்துட்டியேடா!" என்று மூன்று கத்தியது.

"உன் பக்கத்தில் உட்கார நான் ஆசைப்படலை" என்றது பூச்சியம். "தனி வரிதான் கேட்டேன்."

பேனா அதற்குள் அடுத்த பரீட்சைக்குப் போய்விட்டார். அந்த வரி இன்னும் பாக்கி.