பின்பக்கம் தாழ்ந்த லாரி

தணிகாசலம் தமது அறுபத்திரண்டாம் வயதில் சீடரானார். குருவுக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் பில்கிஸ். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி.

தணிகாசலம் ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். ஓட்டத் தெரியும், பழுது பார்க்கத் தெரியாது. ராணுவம் கழித்துவிட்ட பழைய மூன்று டன் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, வீட்டுக் கொல்லையில் நிறுத்தினார். நேரே பட்டறைக்குப் போனார்.

"எனக்குத் தொழில் சொல்லிக் கொடுங்க, மேஸ்திரி. அந்த வண்டியில வேற யாரும் கை வைக்கக் கூடாது."

மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இரண்டு வருஷம் ஓடியது. இன்ஜினைப் பிரித்து மாட்டினார். துருப்பிடித்த தகடுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். பிரேக்கை மட்டும் எத்தனை தடவை பிரித்துச் சேர்த்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியில் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் கவனித்தார். லாரியின் பின்பக்கம் நாலு விரல் தாழ்ந்திருந்தது.

ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருக்கும் என்று புதியதாக வாங்கி மாட்டினார். காலையில் போய்ப் பார்த்தால் அதே நாலு விரல். எடை மேடைக்கு ஓட்டிப் போனார். வெறும் வண்டிக்கு என்ன எடை வேண்டுமோ அதைத்தான் காட்டியது. ஆனால் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது, ஆள் ஏற்றிய வண்டி குலுங்குகிற மாதிரி குலுங்கியது. அந்தக் குலுக்கல் அவர் முதுகுக்குத் தெரியும். வீடு வந்து சேரும்வரை அவர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அவர் மனைவி சுலோசனா கொல்லையில் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "யாரோ பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரியைக் கூட்டி வந்தார். ஓர் இலைகூட அசையாத வெயில். லாரியின் தார்ப்பாய் மட்டும் மெல்ல உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது.

மேஸ்திரி குனிந்து பட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"பட்டை நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் தாழ்ந்திருக்கு?"

"ஆள் உட்கார்ந்தா தாழத்தான் செய்யும், அண்ணா."

தணிகாசலம் பின்பக்கத் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு பக்கமும் நீளப் பலகைகள். ஒருவரும் இல்லை. பலகைகளுக்குக் காலையில்தான் வார்னிஷ் அடித்திருந்தார். அந்த ஈரப் பளபளப்பு வரிசையாக ஏழு இடங்களில் ஒற்றி எடுத்த மாதிரி மங்கிக் கிடந்தது.

"ஏழு பேர்," என்றார் மேஸ்திரி. "யாரு?"

தணிகாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"எனக்கு அப்ப இருபத்துமூணு வயசு. இதே மாதிரி வண்டி, பின்னால ஏழு சிப்பாய்ங்க. மலையிறக்கத்துல போறப்ப மழையில ரோட்டோரம் சரிஞ்சு, வண்டி பள்ளத்துப் பக்கம் சாஞ்சுது. நான் குதிச்சிட்டேன்."

"அவங்க?"

"பின்னால தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்துச்சு. வெளியில நடக்கிறது அவங்களுக்குத் தெரியாது. ஒருத்தன் பாடிக்கிட்டிருந்தான். குதிங்கடான்னு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்துச்சு, மேஸ்திரி. நான் சொல்லலை."

"விசாரணையில என்ன சொன்னீங்க?"

"பிரேக் பிடிக்கலைன்னு சொன்னேன். சத்தம் போட்டேன், அவங்க காதுல விழலைன்னு சொன்னேன். அவங்க வீடுங்களுக்கும் அப்படித்தான் கடுதாசி போச்சு."

மேஸ்திரி லாரியின் பின்கதவுக் கொக்கிகளைக் கழற்றி, கதவைக் கீழே இறக்கினார். ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"இப்ப சொல்லுங்க."

"எதை?"

"அன்னிக்குச் சொல்லாததை."

தணிகாசலம் எழுந்து நின்றார். உள்ளே இருட்டில் பலகை லேசாக முனகியது. அவர் ராணுவ பாரக்கில் ஊரும் பேருமாகக் கூப்பிட்ட பழக்கத்திலேயே கூப்பிட்டார்.

"குழித்துறை அல்போன்ஸ். இறங்கு."

பட்டை ஒன்று கிறீச்சிட்டது. கதவுக்குக் கீழே மண்ணில் தொப்பென்று புழுதி எழும்பி அடங்கியது. லாரியின் பின்பக்கம் மயிரிழை உயர்ந்தது.

"ஓசூர் முனிரத்தினம். இறங்கு."

மறுபடியும் புழுதி.

"ஆலங்குளம் சுடலைமுத்து."

ஏழு பேரையும் கூப்பிட்டு முடித்தபோது அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. லாரி மட்டமாக நின்றது. விரல் வைத்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. தார்ப்பாய் அசையவில்லை.

"போயிட்டாங்க, மேஸ்திரி." அவருக்கு அழுகை வந்தது. "நாப்பது வருஷம் ஆச்சு. என்னை விட்டுட்டாங்க."

மேஸ்திரி பின்கதவை மூடவில்லை. அங்கேயே நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டை கிறீச்சிட்டது.

இன்னொரு தடவை கிறீச்சிட்டது. அவசரமே இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் இடம் விட்டு உட்காருகிற மாதிரி, ஏழு தடவை. லாரியின் பின்பக்கம் பழையபடி நாலு விரல் இறங்கி நின்றது. தார்ப்பாய் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

தணிகாசலம் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"ஏன் மேஸ்திரி? இறங்கச் சொன்னேன், இறங்கினாங்க. எதுக்குத் திரும்ப ஏறிட்டாங்க?"

மேஸ்திரி பின்கதவைத் தூக்கிக் கொக்கிகளை மாட்டினார். வண்டியின் சாவியை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது அவங்க ஊர் இல்லையே, அண்ணா."