மண் பூசாத தேக்கு

முன்னே, முன்னே, மரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மரத்தை வெட்டிய காலத்தில், அடவிநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. நாலு பக்கமும் தேக்கங்காடு. நடுவே ஓர் ஊர், ஓர் அரண்மனை, ஒரு ராஜா. ராஜாவுக்குப் பெயர் அஞ்சாதராஜன். பெயர்தான் அப்படி. தோளில் பல்லி விழுந்தால் மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்கமாட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மரம் சாய்ந்ததும் வெட்டியவர் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறக்காமலே வெட்டுவாயில் செம்மண்ணைக் குழைத்துப் பூசிவிட வேண்டும். மரத்தின் வயிற்றைப் பார்த்தவர் கண் அவிந்துபோகும் என்று சொன்னார்கள். யார் சொன்னார்கள்? அது யாருக்கும் தெரியாது. யார் சொன்னது என்றே தெரியாததைத்தானே நாம் ரொம்பக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம்!

மரம் வெட்டுகிறவர்களில் மருதாயி என்று ஒருத்தி. வயது இருபத்துநாலு. அவளும் அவள் புருஷன் கொம்பையாவும் ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறுப்பார்கள். கொம்பையா வாயாடி. பேசிக்கொண்டே இழுப்பான். மருதாயி "உம்" கொட்டிக்கொண்டே இழுப்பாள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு வருஷம், முதல் மழை தூறி, தேக்கு புது இலை விட்ட வாரத்தில் புழு வந்தது.

விரல்கணு நீளம்தான். கறுப்பு. ஓர் இலையில் ஒன்று, மறுநாள் பத்து, மறுநாள் எண்ணவே முடியாது. கரக்... கரக்... கரக்... என்று காடு முழுக்க மெல்லும் சத்தம். கடுகு கொட்டுவதுபோல எச்சம் உதிர்ந்தது. வெயிலே படாத காட்டுத்தரையில் பட்டப்பகல் வெயில் விழுந்தது, மேலே இலை இல்லையே! நூல் விட்டுத் தொங்கிய புழுக்கள் நடப்பவர் முகத்தில் மோதின, குடத்தில் விழுந்தன, தொட்டிலில் ஊர்ந்தன. பயமாக இருக்கிறதா? சொல்கிற எனக்கே உடம்பு கூசுகிறது.

நாலாம் நாள் வெண்பட்டு அங்கி போட்ட ஒருவன் வந்தான். சுருக்கமே இல்லாத முகம். கையில் தூபச் சட்டி.

"என் பெயர் இளமுகன். உங்கள் நாட்டுக்கு இன்றுதான் முதல்முறை வருகிறேன்" என்றான். "இப்படிப் புழு இதற்கு முன் வந்ததுண்டா?"

ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இல்லையே சாமி. எங்களுக்குத் தெரிஞ்சு வந்ததில்லையே!"

"இலையைத் தின்னும். பிறகு பயிரைத் தின்னும். பிறகு உங்கள் பிள்ளைகளைத் தின்னும். நான் ஓட்டிவிடுகிறேன். எனக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் மிச்ச ஆயுசு வேண்டும்."

ராஜா சிங்காசனத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கொடுத்துவிடுங்கள், சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்!" என்றார். எல்லார் பெயரையும் ஓலை நறுக்கில் கீறிக் குடத்தில் போட்டார்கள். வெளியே வந்த ஓலையில் கொம்பையா பெயர் இருந்தது.

கொம்பையாவைக் கட்டி இழுத்துப்போனார்கள். அவன் திரும்பிப் பார்த்து, "அழாத புள்ள. இனி ரம்பத்தை உன் இஷ்டத்துக்கு இழுக்கலாம்" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவனை நிறுத்தப் பலகை வேண்டுமாம். மறுநாள் உச்சிக்குள் ஒரு தேக்கை அறுத்துக் கொண்டுவரச் சொல்லி மருதாயிக்கே உத்தரவு வந்தது.

விடிந்ததும் மருதாயி காட்டுக்குப் போனாள். ஒரு கிழட்டுத் தேக்கைத் தொட்டு, "ஐயா, கோவிச்சுக்காதே" என்று கேட்டுக்கொண்டாள். வெட்டினாள். மரம் சாய்ந்தது. வழக்கப்படி கண்ணை மூடினாள், செம்மண் கலயத்தில் கையை விட்டாள். அப்போது அவளுக்கு அடக்கமாட்டாத ஆத்திரம் வந்தது.

"கண்ணு போனா போகட்டும். இனிமே பார்க்க எனக்கு யாரு இருக்கா?" என்று கலயத்தை எட்டி உதைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

கண் அவியவில்லை. வெட்டுவாயில் வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரிந்தன. சில அகலம். சில ஒடுக்கம். தயங்கித் தயங்கி அகலமான ஒரு வளையத்தில் விரலை வைத்தாள். சோவென்று மழை கேட்டது! அடுத்ததில் வைத்தாள். காற்றும் கிளிகளும் கேட்டன. வருஷத்துக்கு ஒரு வளையம், அந்த வருஷம் முழுக்க அதற்குள்ளே இருந்தது.

பட்டையிலிருந்து எண்ணி ஒன்பதாவது வளையம் நகக்கீறல் மாதிரி மெலிந்திருந்தது. அதில் விரலை வைத்தாள்.

கரக்... கரக்... கரக்...

மருதாயிக்கு மயிர்க்கால் குத்திட்டது. மெல்லும் சத்தம் பத்து நாள் ஓடியது. பிறகு ஒரு பெருமழை. புழுச் சத்தம் நின்றுபோனது. அந்தப் பத்து நாளின் நடுவில் பறையும் ஒலித்தது. பறையோடு ஒரு சின்னப் பெண் கதறினாள்: "அண்ணே! சடையாண்டி அண்ணே! எங்க அண்ணனை விட்டுடுங்கய்யா!"

அது மருதாயியின் குரல்.

மருதாயிக்கு அண்ணன் கிடையாது. அவள் ஒற்றைப் பிள்ளை. அப்படித்தான் அவளுக்குத் தெரியும். மறுபடி விரலை வைத்தாள். மறுபடி அதே குரல், அதே கதறல். மழைக்குப் பிறகு ஊரே ஏதோ புகையை மோந்து இருமுகிற சத்தமும் கேட்டது. பிறகு யாரும் அழவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. புழு போனதும் அதே புகையில் ஊர் புழுவை மறக்கும், கொம்பையா என்று ஒருத்தன் இருந்ததே தனக்கும் மறந்துபோகும் என்று அவளுக்கு விளங்கியது.

பதினெட்டாவது வளையம் மெலிவு. புழு, மழை, பறை, அழுகை. இருபத்தேழாவது வளையமும் மெலிவு. புழு, மழை, பறை, அழுகை. முப்பத்தாறாவதும் மெலிவுதான். புழு இருந்தது, மழை இருந்தது. பறை இல்லை, அழுகை இல்லை. அதற்கும் உள்ளே நாற்பத்தைந்து, ஐம்பத்துநாலு எல்லாம் அப்படியே. புழு தானாக வந்து தானாகப் போயிருந்தது.

முந்தாநாள் பக்கத்தில் வெட்டிய வேங்கையின் அடிமரத்தை மண்ணைக் கழுவிப் பார்த்தாள். பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். பலகை அறுக்கவில்லை. தேக்கில் ஒரு வட்டம், வேங்கையில் ஒரு வட்டம், ஒற்றை ஆளாக அறுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினாள்.

அரண்மனை முற்றத்தில் பறை முழங்க ஆரம்பித்திருந்தது. கொம்பையாவின் கழுத்தில் மாலை. மருதாயி இரண்டு வட்டங்களையும் தொப்பென்று போட்டாள்.

"ராசா! இவரு முதல்முறை வரலை. இது நாலாம்முறை. புழு ஒம்பது வருஷத்துக்கு ஒருக்கா வருது, மழை பெஞ்சா போகுது. இந்த மெலிஞ்ச வளையத்தைப் பாருங்க!"

கூட்டம் அலறிக் கண்ணை மூடிக்கொண்டது. இளமுகன் சிரித்தான். "பைத்தியம்! வளையம் மெலிந்தால் அந்த வருஷம் மழை பொய்த்தது என்று அர்த்தம். புழு எங்கே வந்தது?"

"மழை பொய்ச்சா ரெண்டு மரமும்ல மெலியணும்? இது பக்கத்துலயே நின்ன வேங்கை. அதே ஒம்பதாவது வருஷம், எம்புட்டு அகலம் பாருங்க. இந்தப் புழு வேங்கையைத் தொடாது. தேக்கைத்தான் திங்கும்!" என்ற மருதாயி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அது இருக்கட்டும். மரத்தோட வயித்தைப் பார்த்தா கண்ணு அவிஞ்சிரும்னு சொன்னாங்களே, கண்ணு அவியாத உமக்கு வளையத்தோட அர்த்தம் எப்படித் தெரியும்?"

இளமுகனின் சிரிப்பு நின்றது. மருதாயி ராஜாவின் விரலைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கங்க ராசா" என்று பதினெட்டாவது வளையத்தில் வைத்தாள்.

ராஜா பன்னிரண்டு வயதுப் பையனின் குரலைக் கேட்டார். அவர் குரல்தான். "அக்கா! செண்பகவல்லி அக்கா! போகாதே!"

"எனக்கு அக்கா இருந்தாளா?" என்று ராஜா கேட்டார். எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதார்.

இளமுகன் தூபச் சட்டியை ஊதினான். சாம்பல் புகை எழுந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் தாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம் என்று விழிக்கத் தொடங்கினார்கள்.

"விரலை எடுக்காதீங்க ராசா! மத்தவங்க ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கங்க!" என்று மருதாயி கத்தினாள். கண்ணை மூடியிருந்தவர்கள் திறந்தார்கள். ஓடிவந்து தோளைப் பிடித்தார்கள். வளையத்திலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து தோளுக்கும் அந்தப் பழைய அழுகைகள் ஏறின. புகை அவர்களைத் தொட முடியவில்லை.

"சடையாண்டி அண்ணே!" என்று மருதாயி கூப்பிட்டாள். வெண்பட்டு அங்கியில் ஒரு நூல் பிரிந்தது. "செண்பகவல்லி அக்கா!" என்று ராஜா கூப்பிட்டார். இன்னொரு நூல். இருபத்தேழாவது வளையத்தில் ஒரு தாய் அழுத பெயரை ஊரே சேர்ந்து கூப்பிட்டது. "மாடக்கண்ணு!" மூன்று பெயர், மூன்று தரம். அங்கி நூல்நூலாக அவிழ்ந்து விழ, விழுந்த குவியலிலிருந்து மூன்று பேர் இருமிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்தவர் ஆயுசால் நெய்த பட்டு அது.

இளமுகன் முகத்தில் சுருக்கம் சரசரவென்று ஓடியது. மூக்கைப் பொத்த அங்கி இல்லை. அவன் புகை அவனுக்குள்ளேயே போனது. "நான் யார்?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே அந்தக் கிழவன் வாசலைத் தாண்டிப் போனான்.

கொம்பையாவின் கட்டு அவிழ்ந்தது. ஆனால் கரக்... கரக்... கரக்... நிற்கவில்லையே! மந்திரவாதியும் இல்லை, புழு மட்டும் இருந்தது. "இன்னும் அஞ்சு நாள் பொறுங்க" என்றாள் மருதாயி. சொன்னாளே தவிர, அவளும் ஓயாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தது. ஆறாம் நாள் வானம் பிளந்து கொட்டியது. புழுக்கள் மண்ணுக்குள் இறங்கின. மாதம் திரும்புவதற்குள் தேக்கு மறுபடி இலை விட்டது.

அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே ராஜா காட்டைக் காக்கும் பொறுப்பை மருதாயிக்குக் கொடுத்தார். மாடக்கண்ணுவின் தாய் செத்துப் பல வருஷம் ஆகியிருந்ததால், மகளை அழைத்துப்போய்ச் சோறு போடத் தெருவே போட்டி போட்டது.

சடையாண்டிதான் யாருடனும் போகவில்லை. அவனுக்கு இன்னும் அதே பதினெட்டு வயதுதான். மருதாயியை நம்பாமல் மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போய், "என் தங்கச்சியைப் பார்த்தீங்களா? பதினஞ்சு வயசு, இம்புட்டு உயரம்" என்று கேட்டான். கடைசியில் மருதாயி வீட்டு வாசலுக்கே வந்து கேட்டான்.

"நான்தான்ணே" என்றாள் அவள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "இம்புட்டு வளர்ந்துட்டியே! நான் இல்லாம எப்படி வளர்ந்தே?"

அவள் அவன் தலையைத் துவட்டினாள். முதல் வருஷத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கொம்பையா கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, "உம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.