தியோடருக்குக் கேட்காத பேஸ் கிட்டார்

“‘ஒன்பது பாட்டும் கேட்டாச்சு. உன்னோடது எங்கடி இருக்கு? ஒண்ணுமே கேக்கலையே.’ இதே வார்த்தை மிஸ். என் நாத்தனார் முன்னாடி, சாப்பாட்டு மேசையில வெச்சு.”

“உங்க வீட்டுக்காரரா சொன்னார்?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?”

குரு யாமினிக்கு வயது இருபத்தெட்டு. சீடர் ஏஞ்சலினுக்கு நாற்பத்தேழு. கான்வென்ட்டில் பழகிய நாக்கு. சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவளுக்கு ‘மிஸ்’ என்றுதான் வரும். மகளைக் கிட்டார் வகுப்பில் சேர்க்க வந்தவள். மகள் ஒரே மாதத்தில் ஓடிவிட்டாள். அம்மா தங்கிவிட்டாள். அதுவும் சும்மா தங்கவில்லை. அங்கே இருந்ததிலேயே தடித்த கம்பி போட்ட பேஸ் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

யாமினியின் ராக் குழுவுக்கு ‘ஈரத் தீப்பெட்டி’ என்று பெயர். மூன்றே பேர். பாட்டும் கிட்டாரும் யாமினி, டிரம்ஸ் கஃபூர், பேஸ் ஏஞ்சலின். சினிமா கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. அயனாவரத்தில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. அங்கேயே எழுதி, அங்கேயே பதிவுசெய்து, ‘லாரி வந்தாச்சு’ என்ற முதல் ஆல்பத்தை முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வெளிவருகிறது.

“எதுல கேட்டார்?” என்றாள் யாமினி.

“ஃபோன்லதான்.”

“ஃபோன் ஸ்பீக்கர் நகம் அளவுதான்க்கா இருக்கும். பேஸோட அடிச்சத்தம் அதுல கால்வாசிகூட வராது.”

“ஊர்ல எல்லாரும் ஃபோன்லதான் மிஸ் கேப்பாங்க. உங்க ஸ்பீக்கரைத் தலையில வெச்சுக்கிட்டு நான் வீடு வீடாப் போகவா?”

கஃபூர் சிரித்தான். ஏஞ்சலின் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிப்பை முழுங்கிக்கொண்டு டிரம்ஸின் திருகு எதையோ முறுக்க ஆரம்பித்தான்.

“என்னோட சத்தத்தை ஏத்துங்க மிஸ். இல்லைன்னா ஆல்பத்துலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க.”

“ஏத்தினா என் குரல் அமுங்கும்.”

“அமுங்கட்டும். பாத்திரம் தேய்க்கிற கைதானே, என்னத்தை வாசிச்சிருக்கும்னு அந்த நாத்தனார் சிரிக்கிறா. இவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். நாலு வருஷம் விரல் தோல் உரிஞ்சு உரிஞ்சு கத்துக்கிட்டது, இதைக் கேக்கறதுக்கா?”

யாமினி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் எவ்வளவு ஏத்தணும்னு நீங்களே சொல்லுங்க. அவ்வளவும் ஏத்தறேன்.”

“எதுக்கு? இங்க வந்தும் ‘கேக்கலை’ம்பார்.”

“சொல்லட்டும்.”

மறுநாள் ஏஞ்சலினின் கணவர் தியோடர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு ஃபோனில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார்.

“மனுஷன் எதுக்கு வந்திருக்கார் பாருங்க” என்று முணுமுணுத்தாள் ஏஞ்சலின்.

“விடுங்கக்கா. வாசிங்க.”

ஒரு பாட்டு வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். தியோடர் தலையைத் தூக்கவில்லை. ஏஞ்சலினுக்கு முகம் இறுகிவிட்டது.

மூன்றாவது பாட்டு ‘குடத்தைத் தள்ளு’. தண்ணீர் லாரிக்கு முன்னால் இடம்பிடிக்கிற சண்டையைப் பற்றியது. வரிகளில் பாதி ஏஞ்சலினின் தெருவில் பொறுக்கியவை. அதைத் தொடங்குவதற்கு முன் யாமினி அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“ரெண்டாவது சரணத்துல கம்பி மேல கையை வெச்சு அமுக்கிடுங்க. வாசிக்காதீங்க. நானும் கஃபூரும் நிறுத்த மாட்டோம்.”

“நல்லா இருக்கு. கேக்கறதே இல்லைங்கறார், அதையும் நிறுத்தணுமா?”

“அவர் முகத்தைப் பாக்காதீங்க. செருப்பைப் பாருங்க.”

பாட்டு தொடங்கியது. ஏஞ்சலின் செருப்பைப் பார்த்தாள்.

ஆடிக்கொண்டிருந்தது. குதிகாலை விட்டு இறங்கி, கட்டைவிரலில் தொங்கிக்கொண்டு, அவள் விரல் இறங்குகிற இடத்தில் இறங்கி, ஏறுகிற இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டிலிருந்து ஆடுகிறதோ, யாருக்குத் தெரியும். அவருக்கும் தெரியாது. அவர் கண் கிரிக்கெட்டில் இருந்தது.

இரண்டாவது சரணம் வந்தது. ஏஞ்சலின் கம்பிகளை அமுக்கினாள்.

யாமினி பாடிக்கொண்டிருந்தாள். கஃபூர் அடித்துக்கொண்டிருந்தான். செருப்பு பாதி வழியில் நின்றது.

தியோடர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. டியூப்லைட்டைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைக்கூட ஒருமுறை பார்த்தார். என்ன குறைகிறது என்று தெரியாமல், பர்ஸைத் தொலைத்தவர் மாதிரி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏஞ்சலின் கையை எடுத்து மறுபடி வாசித்தாள்.

தியோடர் நாற்காலியில் சாய்ந்தார். கண் ஃபோனுக்குப் போயிற்று. செருப்பு விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்தது.

மூன்றாவது சரணத்தில் யாரும் சொல்லாமலே அவள் இன்னொரு தடவை நிறுத்தினாள். செருப்பு நின்றது. வாசித்தாள். ஆடியது. அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்தக் கிட்டாரின் எடை பாதி குறைந்ததுபோல் நின்றாள்.

பாட்டு முடிந்தது.

“எப்படி சார் இருக்கு?” என்று கேட்டாள் யாமினி.

“நல்லாத்தாம்மா பாடறே. அந்தப் பையனும் நல்லா அடிக்கிறான். நடுவுல மட்டும் கரண்ட் கொஞ்சம் டல்லாச்சு போல.”

“அக்கா வாசிச்சது?”

தியோடர் மனைவியைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

“அதுதாம்மா பிடிபடலை. அவ விரல் அசையறது தெரியுது. கேக்கத்தான் இல்லை.”

கஃபூர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

யாமினி ஏஞ்சலின் பக்கம் திரும்பினாள்.

“எவ்வளவு ஏத்தணும்க்கா?”

ஏஞ்சலின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கிட்டார் வாரைத் தோளில் சரிசெய்தாள்.

“அடுத்த பாட்டு என்ன மிஸ்?”

கஃபூர் குச்சிகளைத் தட்டி எண்ணினான். மூவரும் தொடங்கினார்கள். தியோடரின் செருப்பு குதிகாலை விட்டு இறங்கியது.

“ஏம்மா, பாவம், நாலு வருஷமா உழைச்சிருக்கா” என்றார் அவர், செருப்பை ஆட்டிக்கொண்டே. “அவளோட சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்களேன்.”